வலது கைக் கெண்டை

வேலை கேட்டுப் போன அன்று
முதலாளி என் புருவத்து வளையத்தை எண்ணினார்,
உதட்டில் குத்திய மணியை எண்ணினார்,
காதுக்கு வந்து ஏழோடு விட்டுவிட்டார்.
"நல்லவேளை,
நம்ம வாடிக்கையாளர் யாரும்
கண்ணைத் திறப்பதில்லை" என்றார்.
அப்படிக் கிடைத்ததுதான்
வூச் நகரத்துப் பிண அறையில்
பவுடர் பூசும் இந்த வேலை.

பதினொரு வருடம்.
மேஜையில் கிடப்பவர்கள் என்னிடம்
ஏன் இப்படி என்று கேட்டதில்லை.

டிசம்பர் இருபது.
போகுமில், முப்பத்தெட்டு, டிராம் ஓட்டுநர்.
கடைசி நிறுத்தத்தில் வண்டியை
ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தாராம்.
வலது புறங்கையில்
பச்சை குத்திய ஒரு கெண்டை:
மணிக்கட்டில் வால்,
நடுவிரல் முட்டியில் திறந்த வாய்.

அவருடைய அம்மா வியெஸ்லாவா
கோட்டைக் கழற்றாமல் நின்றார்.
என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு
சுவரில் தொங்கிய காலண்டரிடம் பேசினார்:
"அதை மறைத்துவிட வேண்டும்.
பாதிரியார் வருகிறார்.
தங்கை வீட்டார் வருகிறார்கள்.
நாலு பேர் கூடும் இடம்."
கொஞ்ச நேரம் கழித்து, காலண்டரிடமே:
"ஜெயிலுக்குப் போனவன் என்று நினைப்பார்கள்.
போனதில்லை.
ஒருநாளும் போனதில்லை."

மறைப்பது எனக்குக் கைப்பழக்கம்.
முதலில் ஆரஞ்சுச் சிவப்பு,
பழைய பச்சையை அதுதான் தின்னும்.
மேலே தோல் நிறத்தில் மூன்று பூச்சு.
பிறகு பிரஷ் நுனியால்
இரண்டு மச்சம், ஒரு நரம்பு.
செதில் செதிலாக மீன் மூழ்கிக்கொண்டிருந்தபோது
என் அப்பாவின் அடக்கம் நினைவுக்கு வந்தது.
எல்லாவற்றையும் கழற்றி,
துளைகளை மெழுகால் அடைத்துக்கொண்டு போனேன்.
"இன்றைக்குத்தான் மனுஷி மாதிரி இருக்கிறாய்"
என்றாள் அத்தை,
பெட்டிக்கு மேலே எட்டி என் கன்னத்தைத் தட்டி.

அப்போதுதான் சீருடை கொண்டுவந்தார்
டெப்போவிலிருந்து ஓர் ஆள், ஸ்வாவோமிர்.
இஸ்திரி போட்ட கோட்டு. தொப்பி.
அதன்மேல் ஒரு ஜோடி கறுப்புக் கையுறை.
"இதையும் போடணுமா?
எப்பவும் போட்டிருப்பான்."

"எப்பவுமா?" என்றார் வியெஸ்லாவா.

"ஜூலையிலும்தான்.
ஒரு அம்மா புகார் எழுதிப் போட்டார்கள்,
அந்தக் கை ஓட்டுகிற வண்டியில்
என் பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்று.
மேலிடத்தில் இரண்டு ஜோடி கொடுத்தார்கள்.
இது துவைத்தது."

வியெஸ்லாவா கையுறையை வாங்கினார்.
உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்,
குழந்தைக்கு வாங்கும்போது
அளவு பார்ப்பதுபோல.
"எந்த அம்மா?" என்றார்.
ஸ்வாவோமிருக்குத் தெரியவில்லை.
"யாரோ."

வெகுநேரம் குளிர்பெட்டியின் மோட்டார் மட்டும் பேசியது.

"எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு
மூன்று நாள் முன்பே கெண்டை வாங்கிவிடுவோம்,
உயிரோடு.
குளியல் தொட்டியில் கிடக்கும்.
ஏழு வயதில் ஒன்றுக்குப் பெயர் வைத்தான்.
கதவைத் தாழிட்டுக்கொண்டு
அதற்குக் காவல் உட்கார்ந்தான்.
நான்தான், அவன் தூங்கின பிறகு,
சுத்தியலால்..."

ஸ்வாவோமிர் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார்.
தொப்பியில் ஒன்றுமில்லை.

"துடைத்துவிடு" என்றார் வியெஸ்லாவா.

ஈரப் பஞ்சில் முதலில் வந்தது வாய்.
பிறகு கண். மூன்று பூச்சும் போய்
வால்வரைக்கும் வந்துவிட்டது.
அவர் குனிந்து பார்த்தார்.
குனிந்தபடியே கேட்டார்:
"வலித்திருக்குமா?"

என்னைக் கேட்டாரா, மகனையா,
மீனையா, தெரியவில்லை.
"உதடுதான் கொஞ்சம்" என்றேன்.

மறுநாள் தங்கை வீட்டார் வந்தார்கள்.
பார்த்தார்கள், பார்க்காததுபோல் பார்த்தார்கள்.
தங்கை தன் ஜெபமாலையை எடுத்து
அந்தக் கைமேல் சுற்றிச் சுற்றி மூடினாள்.
மணிகள் வழுக்கி இறங்கி
நடுவிரல் முட்டியில் தொங்கின,
தூண்டில் கயிறுபோல.

வியெஸ்லாவா அதை எடுக்கவுமில்லை,
சரிசெய்யவுமில்லை.
மீனின் வாயை மட்டும்
கட்டைவிரலால் தொட்டுக்கொண்டு
நின்றிருந்தார்.